அழகர்கோயில் ரோட்டில் ஒரு பொய்!

மதுரையில் அதிகாலை நாலரை மணிக்கு முழித்திருப்பவர்கள் மூன்றே வகை. மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள், இட்லிக் கடைக்கு அடுப்புப் பற்ற வைக்கிறவர்கள், டாக்டரிடம் திட்டு வாங்கியவர்கள். அடியேன் மூன்றாவது வகை.

"உங்க வயசு முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு. உங்க ரத்தத்துக்கு அம்பத்தஞ்சு ஆகுது சார்" என்றார் டாக்டர், லேப் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு. பி.காம். படித்தவனுக்கு அந்த இருபது வருட வித்தியாசம் உறுத்தாமல் இருக்குமா? மறுநாள் காலையே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் ஆஜர்.

தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். திருமலை நாயக்கர் அதை வெட்டும்போது எங்கள் தொப்பைகளை மனதில் வைத்திருக்க நியாயமில்லை. ஆனால், இன்றைக்கு அந்தக் கல் சுவரை நம்பித்தான் மதுரையின் பாதி கொலஸ்ட்ரால் இருக்கிறது. நடப்பவர்கள், நடந்துகொண்டே அரசியல் பேசுகிறவர்கள், அரசியல் பேசுவதற்காகவே நடப்பவர்கள், நடந்து முடித்துவிட்டு வடைக்கு உட்காருகிறவர்கள்... எல்லோரும் உண்டு.

நான் வடை கோஷ்டியில்தான் சேர்ந்தேன். எப்படியோ ஓட்டக் கோஷ்டியில் போய் விழுந்துவிட்டேன். அதில் ஒரு வங்கி ஊழியர், ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், நகைக்கடைக் கணக்குப்பிள்ளை ஒருவர். மூவருக்கும் ஓட்டப் பைத்தியம். நடை ஓட்டமாகி, ஒரு சுற்று ஐந்து சுற்றாகி, ஒருநாள் வங்கிக்காரர் அந்த வார்த்தையைச் சொன்னார்: "அரை மாரத்தான் ஓடணும் சார்!"

முழு மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். அது என்ன 195 மீட்டர் கொசுறு என்கிறீர்களா? 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் ஆரம்பித்து, ஸ்டேடியத்தில் ராஜகுடும்பம் உட்காரும் இடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அந்தத் தூரத்தையே 1921-ல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். ராஜா வீட்டுக் கணக்குக்கு உலகமே இன்றுவரை கால் வலிக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

அதில் பாதி 21.1. நான் மனக்கணக்குப் போட்டேன். வைகை ஆற்றிலிருந்து அழகர்கோயில் இருபது கிலோமீட்டர் சொச்சம். தமுக்கம் மைதானத்தை ஒரு சுற்று சேர்த்துக்கொண்டால் டேலி! அவர்களுக்கு வின்ட்சர் அரண்மனை என்றால் நமக்குக் கள்ளழகர். ஒவ்வொரு சித்திரையிலும் சாமியே அந்த ரோட்டில்தானே மதுரைக்கு வருகிறார்? நாம் எதிர்த்திசையில் ஓட வேண்டியதுதான்.

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

* * *

போன வருஷம் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கிளம்பினேன். யாரிடமும் என்றால், இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளைத் தவிர. அவளிடம் சொன்னதுதான் தப்பு. தினத்தந்தியில் போட்டிருந்தால்கூட அவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்காது.

கள்ளந்திரி வரை போனேன். பெரியாறு வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் கால் இரண்டும் "நாங்க இன்னியோட ராஜினாமா" என்றுவிட்டன. கண் இருட்டியது. ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். எதிரே டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்து, பன்னீர் சோடா கொடுத்தார். அப்புறம் டவுன் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அத்தனை பாடுபட்டு ஓடிய ரோடு அரைமணி நேரத்தில் சரசரவென்று பின்னால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

வாசலிலேயே மகள். "அழகர்கோயில் வரைக்கும் ஓடிட்டியாப்பா?"

"ம்" என்றேன்.

ஒரே ஒரு 'ம்'. அதிலும் பாதி இருமல். ஆனால், மறுநாள் அது வகுப்பு முழுக்கப் பரவியது. "எங்கப்பா அழகர்கோயில் வரைக்கும் ஓடுவாரே!" அதோடு விட்டாளா? கிரேயானில் ஒரு படம் வரைந்தாள். மலை, கோபுரம், கோபுரத்துக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நான். பீரோ கதவில் ஒட்டியாகிவிட்டது.

ஒரு வருஷம் சார். தினம் சட்டை எடுக்கப் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் படத்திலிருந்து நானே என்னைப் பார்த்துக் கையைத் தூக்குவேன். அக்கவுன்ட்ஸ் பாஷையில் சொன்னால், வராத பணத்தை வரவில் எழுதியாகிவிட்டது. பாலன்ஸ் ஷீட் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ராத்திரிதான் தூக்கம் வரவில்லை.

* * *

அந்த ஒரு வருஷத்தில் ஓட்டத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உள்ளூரிலேயே ஆரம்பிக்கலாம் என்று பார்த்தால், நம்ம சக்கிமங்கலம் ரேவதி வீரமணி. சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து, கூலிவேலை பார்த்த பாட்டியிடம் வளர்ந்து, ஷூ வாங்க வழியில்லாமல் வெறுங்காலில் ஓடிய பெண். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ரேஸ்கோர்ஸ் மைதானத்துப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவேன்.

ஆனால் 400 மீட்டர் ஒரு நிமிடத்துக்குள் முடிகிற காரியம். என் பிரச்னை மணிக்கணக்கில் ஓடுகிற பிரச்னை. அதற்குக் கென்யாவுக்குத்தான் போகவேண்டும். எலியுட் கிப்சோகே 2022-ல் பெர்லினில் முழு மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடினார். வகுத்துப் பார்த்தேன். நூறு மீட்டருக்குப் பதினேழே கால் விநாடி. ஆபீஸ் நண்பர்களே, உங்கள் தெருமுனையிலிருந்து ஒரு நூறு மீட்டரை 17 விநாடியில் ஓடிப் பாருங்கள். ஓடிவிட்டீர்களா? சபாஷ். அதேபோல் நிற்காமல் இன்னும் 421 தடவை. அவ்வளவுதான் விஷயம்!

இப்படிப்பட்ட மனிதருக்கும் தெப்பக்குளத்துத் தொப்பைக்கும் என்ன பொருத்தம் இருக்க முடியும் என்று ஏக்கமாக இருந்தது. அவருடைய எஞ்சின் வேறு, நம்முடையது வேறு. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆனால், ஒரு விஷயம் உறைத்தது. சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கும்போது நான் பேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். மாரத்தானில் மட்டும் அப்படியில்லை. பெர்லினில் அன்று கிப்சோகேவுக்குப் பின்னால் அதே ரோட்டில், அதே நாளில், குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் ஆயிரக்கணக்கில் ஓடினார்கள். அவருக்கும் 42.195. அவர்களுக்கும் 42.195. நமக்கு வயதாகிவிட்டது, தொப்பை இருக்கிறது, வீட்டில் இரண்டு ஈ.எம்.ஐ. ஓடுகிறது என்பதற்காகத் தூரம் ஒரு மீட்டர்கூடத் தள்ளுபடி தராது. ஆடித் தள்ளுபடி இல்லாத ஒரே சரக்கு உலகத்தில் அதுதான்.

இன்னொரு கணக்கும் போட்டேன். நிமிடத்துக்கு 180 அடி என்று வைத்தால்கூட கிப்சோகே இரண்டு மணி நேரத்தில் எடுத்து வைப்பது சுமார் 22,000 அடி. ஐந்து மணி நேரத்தில் முடிக்கிற குமாஸ்தா நிமிடத்துக்கு 160 வைத்தாலும் 48,000 அடி. அவர் ஓடி முடித்துக் குளித்துச் சாப்பிட்டுப் பேட்டி கொடுத்த பிறகும் இவர் ரோட்டில்தான் இருக்கிறார். யாருக்குப் பாடு அதிகம், சொல்லுங்கள்!

* * *

இந்த வருஷம் தை. மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை. நாலே முக்காலுக்கு வைகைக் கரையில் நின்றேன். ஆற்றில் தண்ணீர் இருந்ததா என்று கேட்காதீர்கள். மதுரைக்காரனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. இந்தத் தடவை மகளிடமும் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டதைப் பார்த்து வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் லேசாகச் சந்தேகம்.

அந்தச் சோற்றுக்குக் காரணம் உண்டு. போன தடவை ஓட்டத்துக்கு முந்தைய வாரம் முழுக்க "ரைஸ் கட்" என்று பட்டினி கிடந்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது. நாம் சாப்பிடும் மாவுச்சத்தைத் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற பெயரில் உடம்பு சேமித்து வைக்கிறது. மிஞ்சிப் போனால் அரைக் கிலோ. கலோரியில் ஏறக்குறைய 2,000. ஓட்டமோ கிலோமீட்டருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கலோரி வசூலிக்கிறது. 70 கிலோ ஆள் முழு மாரத்தான் ஓட 2,900-க்கு மேல் வேண்டும். கொழுப்பு வேறு ஃபிக்ஸட் டெபாசிட்டாக இருக்கிறதுதான் (என்னிடம் நிறையவே இருக்கிறது), ஆனால் அவசரத்துக்கு அது சட்டென்று கைக்கு வராது. வேகமாக ஓட ஓட, செலவு இந்தச் சேமிப்புக் கணக்கிலிருந்துதான் போகும். அதனால்தான் பலருக்கும் முப்பதாவது கிலோமீட்டர் பக்கம் செக் திரும்பி வருகிறது. எனக்குக் கள்ளந்திரியிலேயே திரும்பிவிட்டது. பட்டினி வேறு, மகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே குதிரை வேகம் வேறு.

இதில் சாம்பியனுக்கும் சலுகை கிடையாது. அவருக்கும் அதே ஈரல், அதே அரைக் கிலோ. நிர்வாகம்தான் கெட்டி. கிப்சோகே வாரத்துக்கு 200 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகிறவர். ஆனால், அதில் பெரும்பகுதி பந்தய வேகத்தைவிட ரொம்ப மெதுவாக, கூட ஓடுகிறவரிடம் பேசிக்கொண்டே போகிற ஓட்டம். உலகத்தின் பெரிய நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தவர்களும் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு இப்படி லேசான ஓட்டம்தான் என்கிறார்கள். நம் ஆட்கள்தான் தினமும் நாக்குத் தள்ள ஓடிவிட்டு, மூன்றாம் வாரம் முட்டிவலிக்குத் தைலம் தேடுகிறார்கள். சாம்பியன் போடுவது ஆர்.டி. சார், மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாக. நாம் வாங்குவது லாட்டரிச் சீட்டு.

ஆகவே இந்தத் தடவை எருமை வேகம். தமுக்கத்தை ஒரு சுற்று சுற்றி, தல்லாகுளம் பெருமாள் கோயிலைத் தாண்டி, புதூர். பால் சொசைட்டி வாசலில் கேன்கள் உருளும் சத்தம். என்னைச் சைக்கிளில் முந்திய பேப்பர் பையன் திரும்பிப் பார்த்து, "அண்ணே, நாய் துரத்துதாண்ணே?" என்று அக்கறையாக விசாரித்தான்.

மூன்றுமாவடி. அழகரை மதுரை எதிர்கொண்டு அழைக்கிற எதிர்சேவை இங்கேதான். ஊருக்கே தெரிந்த கதை. தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குச் சீரோடு கிளம்பி வந்தார் அண்ணன். வழியெல்லாம் மண்டகப்படி. நூற்றுக்கணக்கான இடங்களில் நின்று நின்று வருகிறார். ஆற்றுக்கு வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. கோபத்தில் மதுரைக்குள் நுழையாமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டாராம்.

ஓடும்போது யோசித்தேன். லேட்டாக வருகிறார் என்று தெரிந்தும் லட்சக்கணக்கான பேர் விடிய விடிய விழித்திருந்து வரவேற்கிற ஒரே ஆள் அழகர்தான். மெதுவாக ஓடுகிறவர்களுக்கு இவரைவிட்டால் வேறு குலதெய்வம் ஏது?

1968 மெக்ஸிகோ ஒலிம்பிக் மாரத்தானிலும் இப்படி ஒருவர் வந்தார். தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி. வழியில் விழுந்து முட்டி கிழிந்து, காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு, முதலில் வந்தவர் முடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து இருட்டில் ஸ்டேடியத்துக்குள் நுழைந்தார். முடித்தவர்களில் கடைசி. அந்தப் பந்தயத்தில் தங்கம் வாங்கியவர் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே. அந்தப் பெயர் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அக்வாரியைச் சொல்லாமல் மாரத்தான் கதையை யாரும் முடிப்பதில்லை.

* * *

கடச்சனேந்தல் தாண்டியதும் ஊர் முடிகிறது, வானம் ஆரம்பிக்கிறது. வலதுபக்கம் தூரத்தில் யானைமலை, இன்னும் எழுந்திருக்காத யானை மாதிரி. எதிரே அழகர்மலை நீலமாக, எத்தனை ஓடினாலும் அதே இடத்தில். அப்பன்திருப்பதி வரும்போது வயல்களில் பனி. நடுவு முடிந்த நாற்றங்கால் ஓரத்தில் கொக்குகள் நின்று, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தன.

ஏழு மணிக்கெல்லாம் சூரியன் முதுகில் கைவைத்தான். தை மாதத்திலேயே இந்தக் கதி. சித்திரையில் அழகர் பின்னால் வெறுங்காலோடு வருகிற ஜனங்களை நினைத்துக்கொண்டேன். வெயிலும் ஆள் பார்த்து அடிப்பதில்லை. 2019-ல் தோஹாவில் உலக சாம்பியன்ஷிப் பெண்கள் மாரத்தான். வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் ஆரம்பித்தார்கள். அப்படியும் புழுக்கம் தாங்காமல் ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. உலகத்தின் தலைசிறந்த கால்கள்! வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. உடம்பு குளிராவிட்டால் மூளை வேகத்தைக் குறைக்கச் சொல்லும். மெடல் வாங்கியவள் என்று மூளைக்குத் தெரியாது.

கள்ளந்திரி.

அதே பாலம். பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தேக்கடி மலையில் பென்னிகுவிக் 1895-ல் கட்டி முடித்த அணையிலிருந்து, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் இறங்கி, வைகை அணை, பேரணை என்று நின்று நின்று இந்த ஊர் வரைக்கும் வருகிற தண்ணீர். எங்கள் பக்கத்தில் அதைவிட நெடுந்தூரம் ஓடுகிறவர் யாருமில்லை. அவசரப்பட்டும் பார்த்ததில்லை.

கால் கனத்துவிட்டது. போன வருஷம் நின்ற அதே இடம் நெருங்க நெருங்க, உள்ளே ஒரு குரல் சாந்தமாகப் பேச ஆரம்பித்தது. "இதுவரைக்கும் வந்ததே பெரிசு. ஏற்கெனவே முடிச்சதாத்தான் எல்லாருக்கும் தெரியும். இனிமே எதுக்கு?" வில்லன் எப்பவும் கத்திப் பேசமாட்டான் என்பது அன்றைக்குப் புரிந்தது.

"வாங்க தம்பி! போன வருசம் இங்கன உக்காந்து வாந்தி எடுத்த தம்பிதான?"

டீக்கடைப் பெரியவர். என் பொய்க்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி!

அசடு வழிந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். கேட்காமலே ஒரு கடலை மிட்டாயும் தண்ணீரும் நீட்டினார். "இந்தத் தடவ கோயிலுக்கா?"

"போகணும்யா... முடியுமான்னுதான் தெரியல. இன்னும் எம்புட்டு தூரம் இருக்கு?"

சிரித்தார். "அதத்தான் கேக்கக்கூடாது. நான் இருவத்திரண்டு வருசமா பழனிக்கு நடக்கேன். மதுரையில கெளம்புறப்ப பழனின்னு ஒரு நா கூட நெனச்சதில்ல. சமயநல்லூர்ல ஒரு டீ. அப்புறம் வாடிப்பட்டி. அப்புறம் கொடைரோடு. பழனிய நெனச்சா கால் நகராது தம்பி. வாடிப்பட்டிய நெனச்சா நகந்துரும்."

"நடுவுல நின்னதே இல்லையாய்யா?"

"ஏன் இல்லாம? ஒரு வருசம் கால் புண்ணாகி திண்டுக்கல்லோட திரும்பிட்டேன். ஊர்ல எல்லாரும் பஞ்சாமிர்தம் எங்கன்னாங்க. 'திண்டுக்கல் வரைக்கும்தேன் போனேன், இந்தா பூட்டு'ன்னுட்டேன்." தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டு, கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நின்னதுல என்ன இருக்கு? நின்ன எடத்தச் சொல்லணும். அம்புட்டுதேன். அங்க மேல இருக்கவனுக்குத் தெரியாதாக்கும்?"

கடலை மிட்டாய் தொண்டையில் நின்றது. என் கணக்கு இவருக்குத் தெரிய நியாயமே இல்லை. எதேச்சையாகச் சொன்னார். ஆனால், சரியான பக்கத்தைத் திறந்து விரலை வைத்துவிட்டார்.

* * *

எழுந்து மறுபடி ஓடத் தொடங்கினேன். ஓட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அடுத்த புளியமரம். அப்புறம் அந்த மைல்கல். அப்புறம் அந்த ஆட்டுக்கிடை. பெரியவரின் வாடிப்பட்டி வைத்தியம் நன்றாகவே வேலை செய்தது.

பொய்கைக்கரைப்பட்டித் தெப்பக்குளம் தெரியும்போது இடது தொடை பிடித்துக்கொண்டது. நின்றேன். நடந்தேன். போன வருஷத்து நானாக இருந்தால் மானம் போய்விட்டதாக நினைத்திருப்பேன். இப்போது இரண்டு பேர் துணைக்கு வந்தார்கள்.

ஒருவர் அதே கிப்சோகே. இரண்டு ஒலிம்பிக் மாரத்தான் தங்கம் வாங்கியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 39 வயதில் மூன்றாவதுக்கு ஓடினார். முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் முடியவில்லை. நடந்தார். பின்னால் வந்தவர்களெல்லாம் தாண்டிப் போனார்கள். கடைசியில் விலகிக்கொண்டு, ஷூவைக்கூடக் கழற்றி ரசிகர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். உலகமே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு 'ம்' என்று இருமி மழுப்ப வசதியில்லை. அவர் அதைத் தேடவும் இல்லை.

இன்னொருவர் நம்ம புதுக்கோட்டைக்காரர், கோவிந்தன் லட்சுமணன். 2017-ல் புவனேஸ்வரம் ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம். அடுத்த வருஷம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். இருபத்தைந்து சுற்று ஓடிச் சம்பாதித்த வெண்கலம். கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது: ஓடுதளத்தின் உள்கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டார், தகுதி நீக்கம். பத்து கிலோமீட்டரில் ஒரு கால்தடம்! அதற்கே மெடலைப் பிடுங்கிக்கொண்டது கணக்கு. நான் ஐந்தாறு கிலோமீட்டரை முழுசாக முழுங்கிவிட்டு, பீரோவில் படம் மாட்டி வைத்திருக்கிறேன்.

வேகத்தில் நமக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே கிடையாது. இந்தக் கண்டிப்பில்தான் சொந்தம். ரோடு, வெயில், ஈரல், தொடை எல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே பேரேட்டில்தான் எழுதுகின்றன. அதில் ரப்பர் வைத்து அழிக்க முடியாது. முடித்தால் முடித்த இடம், நின்றால் நின்ற இடம். அதை ஒப்புக்கொண்டு மறுநாள் காலை மறுபடி ஷூவுக்கு நாடா கட்டுகிறவன் யாராக இருந்தாலும் அவன் சாம்பியனுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

எட்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில், பாதி நடையும் பாதி நொண்டியுமாக அழகர்கோயில் போய்ச் சேர்ந்தேன். கைதட்ட ஆளில்லை. ஒரு குரங்கு மட்டும் என் பாட்டிலைப் பார்த்தது.

நேராகப் பதினெட்டாம்படிக் கருப்பசாமி சன்னிதி. சாத்திய கதவுகள், சந்தனப் பூச்சு, அருவாள்கள். சாமியை நேரே பார்க்க முடியாது. அவர் நம்மைப் பார்ப்பார். எங்கள் பக்கத்தில் தீராத வழக்கை இங்கேதான் கொண்டுவந்து சத்தியம் வைக்கச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் செய்யத் துணிந்தவனுக்குப் படியில் கால் நடுங்குமாம். அழகர் மதுரைக்குக் கிளம்பும்போதும் நகைப் பட்டியலைக் கருப்பசாமி முன்னால் படித்துவிட்டுத்தான் கிளம்புவார் என்பார்கள். சாமிக்கே ஆடிட்டிங்!

எனக்குக் கால் நடுங்கியது. இருபத்தோரு கிலோமீட்டர் ஓடியதால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"போன வருசம் கள்ளந்திரி" என்றேன், கதவைப் பார்த்து. "இந்த வருசம் இங்க. கடைசி மூணு கிலோமீட்டர் நடை."

* * *

வீட்டுக்கு வந்து மகளை உட்கார வைத்து முழுசும் சொன்னேன். வாந்தி, சோடா, டவுன் பஸ், 'ம்' எல்லாம். அவள் ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் பீரோவில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கருப்பசாமி வாசலே தேவலாம் போல இருந்தது.

"அப்ப, எங்க மிஸ்கிட்ட நான் சொன்னதும் பொய்யாப்பா?"

"நீ சொன்னது பொய் இல்லடா. நான் உன்கிட்ட சொன்னதுதான் பொய்."

யோசித்தாள். கிரேயான் டப்பாவை எடுத்தாள். பழைய படத்தில் கோபுரத்தின்மேல் கறுப்பால் அழுத்தி ஒரு பெரிய பெருக்கல் குறி. பக்கத்தில் ஒரு டீக்கடை, ஒரு வாய்க்கால், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நான். கீழே 'கள்ளந்திரி' என்று எழுதத் தெரியாமல் 'கல்லந்திரி' என்று எழுதினாள். திருத்தவில்லை. அன்றைக்கு நான் திருத்துகிற நிலைமையில் இல்லை.

அப்புறம் புதுத்தாளில் இன்னொரு படம். மலை, கோபுரம், கருப்பசாமி கதவு, கதவுக்கு முன்னால் நான். இந்தத் தடவை கையைத் தூக்கவில்லை, தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள், வரவும் செலவும் மாதிரி.

இப்போது தினமும் நிம்மதியாகப் பீரோவைத் திறக்கிறேன். ஒரே ஒரு குறைதான். வருஷம் பூராவும் தெப்பக்குளத்தைச் சுற்றியும், புதுப்படத்தில் என் தொப்பையை அவள் ஒரு சுற்றுகூடக் குறைக்கவில்லை.

கருப்பசாமியைவிடக் கறாரான ஆடிட்டர் வீட்டிலேயே வளர்கிறாள்!